தனுஷ்கோடி: நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த பாடம்



கோடை விடுமுறைக்கு மகள், மருமகன், பேரப்பிள்ளைகளோடு நான்கு நாள் ராமேஸ்வரம் போய் வந்தோம். புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் போன படங்களைப் பேத்தி ஏற்கெனவே போட்டுவிட்டாள். நான் எழுத வந்தது ஒரு பாடத்தைத் திருத்துவதற்காக. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருந்த அதே பொறுமையோடு படியுங்கள்.

பேரனுக்குப் பதினொரு வயது. தீவுக்குப் போகிறோம் என்றதும் ஆன்லைனில் ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டான். இரண்டாம் நாள் காலையில் தனுஷ்கோடிக் கரையில் நின்று ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தான். இரையை நண்டு தின்றதுதான் மிச்சம். முகம் தொங்கிப்போய் நின்றவனைக் கொஞ்ச தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, அதுல என்ன கெடைக்கும்? இங்க வந்து கயிறப் பிடி. அம்மா, நீங்களும் வாங்க."

அவர்கள் இழுத்தது கரைவலை. நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம் என்பதால் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரை வட்டமாக வலையை இறக்கிக்கொண்டே போய், தள்ளி ஓரிடத்தில் மறுமுனைக் கயிற்றோடு கரை சேரும். இரண்டு கயிற்றுக்கும் இரண்டு அணி. ஆணும் பெண்ணுமாகப் பின்னால் நடந்தபடியே இழுக்க வேண்டும். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய்த் தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பார். இழுக்க இழுக்க இரு அணிகளும் நெருங்கி வரும். வலையின் நடுவில் பை போல இருப்பதற்கு மடி என்று பெயர். மீன் அதில்தான் வந்து சேரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. என் உள்ளங்கை இரண்டு நாளைக்குச் சிவந்திருந்தது.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகுதான் தனுஷ்கோடி பெரிய ஊரானது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வருபவர்கள் இங்கே இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். நடுவில் கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர் அது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்தது. 20 அடி உயரத்துக்கு அலை எழுந்தது என்பார்கள். பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடலுக்குள் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. செய்தித்தாளை மடியில் போட்டுக்கொண்டு அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதே புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்களும் பெரும்பாலும் கடலில் விழுந்தன. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் உள்நாட்டுப் போரோடு அதுவும் நின்றது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

இது வரைக்கும்தான் நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "அன்றோடு தனுஷ்கோடி அழிந்தது, இப்போது அங்கே யாரும் இல்லை" என்று கரும்பலகையிலும் எழுதிப் போட்டேன்.

1986 என்று நினைக்கிறேன். பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இதைச் சொன்னதும் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்க அப்பத்தா அங்கதான் இருக்கு" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். "ராமேஸ்வரத்தைச் சொல்றே. உட்காரு" என்றேன். தேர்விலும் அவள் "மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்" என்றே எழுதினாள். சிவப்பு மையில் அடித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அந்தக் குழந்தை எழுதியதுதான் சரி. ரயிலும் கப்பலும் சுங்கமும் போன பிறகும் மீனவக் குடும்பங்கள் அந்த மணலுக்குத் திரும்பின. ஓலைக் குடிசை போட்டார்கள். மணலைத் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரைக் குடித்தார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும்வரைக்கும், ஐம்பது ஆண்டுக்கு மேல், மணலில் வேன் ஓடிய தடம்தான் பாதை.

அவர்களை அங்கே நிலைக்க வைத்ததில் கரைவலைக்குப் பெரிய பங்கு உண்டு. யோசித்துப் பாருங்கள். விசைப்படகுக்குத் துறைமுகம் வேண்டும், டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும். கரைவலைக்கு மணல் போதும். வள்ளத்தை அலைக்கு மேலே இழுத்து வைத்துவிடலாம். நெத்திலி, சூடை, காரல் என்று கிடைப்பதை விற்க வண்டி வராவிட்டால் அதே மணலில் காயவைத்துக் கருவாடாக்கலாம். கருவாடு வண்டிக்காகக் காத்திருக்கும், மீன் காத்திருக்காது. இன்னொன்று, அந்த நிலமே ஒரு மெல்லிய நாக்கு போன்றது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் அமைதியானதைப் பெண் கடல் என்றும் சீறுவதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்றில் தெற்கு சீறினால் வடக்கே வலை விடலாம். வாடைக் காற்று வந்தால் தெற்கே போகலாம்.

நாங்கள் போனபோது விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள். ராமேஸ்வரம் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கரைவலைக்கு அந்தத் தடை இல்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். மடியின் கண்ணி சிறியது. குஞ்சு மீனும் சேர்ந்தே வருவதைப் பார்த்தேன். கடல்வளம் பற்றிப் பேசுபவர்கள் இதைக் குறையாகச் சொல்வது நியாயம்தான். ஆள் பஞ்சமும் தெரிந்தது. "முன்ன கயிறு பிடிக்க எடம் இருக்காது. இப்ப சின்னப் பசங்க வண்டி ஓட்டப் போயிட்டானுக. அதான் உங்களக் கூப்பிட்டேன்" என்று பெரியவர் சிரித்தார். கைகளில் பாதிக்கு மேல் ஐம்பது கடந்த பெண்களுடையவை.

வலை கரை சேர்ந்ததும் வலைக்காரருக்கு, இழுத்தவர்களுக்கு என்று பங்கு பிரித்தார்கள். வேண்டாம் என்றும் கேட்காமல் எங்களுக்கும் ஒரு கை சூடை மீன் கொடுத்தார்கள். "கயிறு பிடிச்சா பங்கு உண்டு" என்றார் ஒரு அம்மா. பேரன் அதைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினான். தூண்டில் காரிலேயே கிடந்தது.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஊர் அழிந்தது என்று சொல்லிக்கொடுக்கும் முன், அங்கே இப்போது அடுப்பு எரிகிறதா என்று கேளுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "டீச்சர்" என்றால், முழுவதும் சொல்ல விடுங்கள்.

உங்கள் குடும்பத்தில் பழைய தனுஷ்கோடியைப் பார்த்தவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள். புயலின்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது.

இரண்டாவது வரிசையில் இருந்த பெண்ணே, உன் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன்னைக் கேட்காமல் இங்கே போடக் கூடாது என்றுதான் எழுதவில்லை. இதைப் படித்தால் ஒரு வரி எழுதம்மா. அந்த ஒரு மதிப்பெண்ணை இன்று போட்டுவிட்டேன். உன் அப்பத்தா எந்தக் கடலில் கயிறு இழுத்தார் என்று டீச்சருக்குச் சொல்.