குண்டா இருக்கிற பிள்ளைக்கு யார் காரணம்? ஒரு வரலாறு

"டாக்டர், இவனுக்கு தைராய்டா இருக்குமோ?" என்று அம்மா கேட்பார். "தைராய்டு எல்லாம் இல்ல டாக்டர், இவ குடுக்கிற தீனிதான்" என்று பக்கத்தில் இருந்து பாட்டி சொல்வார். பையன் தலையைக் குனிந்துகொள்வான்.

இந்தச் சண்டைக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. வாங்க, கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம் 👇

1901. வியன்னா. ஆல்ஃபிரட் ஃப்ரோலிக் என்ற மருத்துவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பிட்யூட்டரி பகுதியில் கட்டி. உடல் பருமன். பருவ வளர்ச்சியும் இல்லை. அரிதான நோய் அது. ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகள், குண்டான பிள்ளை வந்தாலே "சுரப்பிக் கோளாறு" என்று எழுதி ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

1934. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதக் குழந்தை மருத்துவர் ஹில்டே ப்ரூக் நியூயார்க் வந்து சேர்கிறார். நாடே பொருளாதாரச் சரிவில் கிடக்கிறது. ஆனால் தெருவிலும் பள்ளியிலும் இத்தனை குண்டுப் பிள்ளைகளா என்று அவருக்கு ஆச்சரியம்!

அவர் செய்த வேலை எளிமையானது. பிள்ளைகளை அளந்து பார்த்தார். சுரப்பி கெட்டிருந்தால் வளர்ச்சி குறைய வேண்டும் இல்லையா? இவர்களோ வயசுக்கு மீறிய உயரம். எலும்பு வளர்ச்சியும் பருவமும் தாமதமாகவில்லை. அப்படியானால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சுரப்பி காரணம் இல்லை. சாப்பாடு அதிகம், ஓட்டம் குறைவு.

அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதோடு நிற்கவில்லை. அடுத்து வீட்டுக்குள் போனார். "அன்பைச் சோறாக ஊட்டும் தாய்தான் பிரச்சினை" என்கிற பார்வை அங்கிருந்து வலுப்பெற்றது. சுரப்பி மேல் இருந்த பழி அம்மா தலையில் இறங்கியது. இன்னும் இறங்கவே இல்லை!

1994. எலியை வைத்து ஆராய்ந்த ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தது. "போதும்" என்று கொழுப்பு மூளைக்கு அனுப்பும் தகவல்தான் லெப்டின்.

1997. இங்கிலாந்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். 8 வயதுச் சிறுமி 86 கிலோ. 2 வயதுப் பையன் 29 கிலோ. எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காது. ரத்தத்தில் லெப்டின் மிக மிகக் குறைவு என்று கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டார்கள். சிறுமிக்கு லெப்டின் ஊசி கொடுத்ததும் பசி அடங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது.

யோசித்துப் பாருங்க. அந்த ஊசிக்கு முந்தைய நாள் வரை அந்த அம்மா என்னென்ன பேச்சு கேட்டிருப்பார்?

இந்தக் குறைபாடு மிக மிக அரிது. உங்க பிள்ளைக்கு இதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த வரலாற்றில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்:

✅ குண்டா இருந்தாலும் உயரம் நல்லா வளர்கிறதா? பெரும்பாலும் ஹார்மோன் காரணம் இல்லை. ப்ரூக் கற்றுத்தந்த இந்த அளவுகோலை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம்.

✅ எடை ஏறுது, உயரம் நின்றுவிட்டதா? கட்டாயம் பரிசோதனை தேவை.

✅ 5 வயதுக்குள்ளேயே அதீத பருமன், அடங்காத பசியா? மரபணுக் காரணம் இருக்கலாம். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்க.

✅ மற்ற பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு, விளையாட்டு, தூக்கம். பிள்ளைக்கு மட்டும் இல்லை, வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து. பாட்டிக்கும்தான் 🙂

அந்தப் பையன் முன்னாடி மட்டும் சண்டை போடாதீங்க. அவன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கான்.