15 நிமிடமா, 2 நாளா? ராயபுரமும் கொரோனா பரிசோதனையும்

தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. மாநிலத்தில் இந்தப் பரிசோதனைக்கு முதலில் தயாரான ஆய்வகம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். மே மாத இறுதிக்குள், சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் ராயபுரம்தான் முதலிடத்தில் நின்றது. அங்கு மட்டும் 2,000 பேருக்கு மேல் தொற்று!

காரணம் புரியாத புதிர் அல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலும் மண்ணடி, சவுகார்பேட்டைக் கடைகளிலும் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர்கள் ஏராளம். ஒருவருக்கு வந்தால் வீட்டுக்கே வரும். எனவே யாருக்குத் தொற்று என்று சீக்கிரம் தெரிய வேண்டும்.

சீக்கிரம் கண்டுபிடிக்க முதலில் நம்பப்பட்டது சீனாவிலிருந்து வந்த ரேபிட் கிட். 2020 ஏப்ரலில் 24,000 கிட்கள் தமிழகம் வந்தன. ஆனால் அவை தேடியது வைரஸை அல்ல, ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடியை. அது உருவாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். போதாக்குறைக்கு முடிவுகளும் தாறுமாறாக வந்தன. அந்த மாதமே ஐ.சி.எம்.ஆர். அவற்றைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது.

அடுத்து வந்தது ஆன்டிஜென் டெஸ்ட். 2020 ஜூன் 14-ல் ஐ.சி.எம்.ஆர். இதற்கு அனுமதி அளித்தது. இது வைரஸின் புரதத்தையே நேரடியாகத் தேடும். ஆய்வகம் வேண்டாம், 15 முதல் 30 நிமிடத்தில் முடிவு. பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். சிக்கல் நெகட்டிவில்தான். ஐ.சி.எம்.ஆர். சோதித்தபோது, தொற்று உள்ளவர்களில் 50.6 முதல் 84 சதவீதம் பேரையே அது கண்டுபிடித்தது.

ஏன் இந்த வித்தியாசம்? ஆய்வகத்தில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை வைரஸின் மரபணுவை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காகப் பெருக்குகிறது. 30 சுற்றில் ஒன்று, நூறு கோடிக்கும் மேலாகிவிடும்! ஆன்டிஜென் டெஸ்டில் இந்தப் பெருக்கல் கிடையாது. மூக்கில் வைரஸ் நிறைய இருந்தால்தான் கோடு தெரியும்.

டெல்லி 2020 ஜூன் 18 முதல் ஆன்டிஜென் டெஸ்டைப் பெருமளவில் பயன்படுத்தியது. தமிழக அரசோ அந்த ஆண்டு ஆர்.டி.பி.சி.ஆரையே பிடித்துக்கொண்டது. ஆண்டு முடிவதற்குள் ஒரு கோடி மாதிரிகளுக்கு மேல் சோதிக்கப்பட்டன. அறிகுறி இருந்தும் ஆன்டிஜெனில் நெகட்டிவ் வந்தவர்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். கட்டாயம் என்று விதி இருந்தது. அதை நினைவூட்டி மத்திய அரசு 2020 செப்டம்பரில் மாநிலங்களுக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது.

முடிவுக்குக் காத்திருப்பவர் சந்தேகத்தோடு ஒதுங்கி இருப்பார். தவறான நெகட்டிவ் வாங்கியவரோ நிம்மதியாக வீட்டில் எல்லோருடனும் படுத்து உறங்குவார். ஒரே அறையில் எட்டுப் பேர் வாழும் வீட்டில் இது சின்ன விஷயமா?

அதேசமயம் ஆய்வக முடிவு வர ஓரிரு நாட்கள் ஆகும். அதுவரை வேலைக்குப் போனால்தான் சோறு என்கிற கூலித் தொழிலாளிக்கு, அந்தத் துல்லியத்தால் என்ன பயன்? வடசென்னையில் இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் விசாரித்த களப்பணியாளர்கள். தெருக்களில் நடந்த காய்ச்சல் முகாம்களும் உதவின.

2021 இரண்டாம் அலையில் ஆய்வகங்கள் திணறியபோது, ஆன்டிஜென் டெஸ்டை அதிகப்படுத்துமாறு ஐ.சி.எம்.ஆரே மே 4-ல் அறிவுறுத்தியது. அதே மாதம் வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட்டுக்கும் அனுமதி கிடைத்தது. ஆக, இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. விரைவுச் சோதனையின் பாசிட்டிவை உடனே நம்பலாம். நெகட்டிவை மட்டும் விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வகத்தை நம்புகிற அரசு, முடிவு வரும்வரை அந்தக் குடும்பத்துக்குத் தங்க இடமும் சாப்பாடும் தர வேண்டும். ராயபுரம் விட்டுச் சென்ற பாடம் இதுதான்.