கைக்குழந்தையுடன் மீன் காட்சியகம் செல்கிறீர்களா? நுழைவுச்சீட்டுக்கு முன் பார்க்க வேண்டியது தடுப்பூசி அட்டை!

அகமதாபாத்: விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு சென்றுவரும் இடங்களின் பட்டியலில் மீன் காட்சியகங்களும் சேர்ந்துள்ளன. தாத்தா, பாட்டி முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அனைவரும் ஒரே கூரையின்கீழ் பார்த்து மகிழலாம், வெயிலுக்கும் மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பதே இதற்குக் காரணம். ஆனால் அந்தக் குடும்பத்தில் சில மாதங்களே ஆன கைக்குழந்தையும் இருந்தால், பயணத்தைத் திட்டமிடும் முறை மாற வேண்டும். குழந்தையின் கண்ணுக்கு அங்கே என்ன தெரியும், எதில் ஆபத்து உள்ளது, எப்போது திரும்ப வேண்டும் என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

தொட்டி வரிசையிலிருந்து சுரங்கப்பாதை வரை

மும்பை மரைன் டிரைவில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாராபோர்வாலா மீன் காட்சியகம், நாட்டின் பழைமையான காட்சியகங்களுள் ஒன்றாகும். சுவரில் பதித்த கண்ணாடித் தொட்டிகளை வரிசையாகப் பார்த்துச் செல்வதே அக்காலக் காட்சியகங்களின் அமைப்பு. இன்று அந்த அமைப்பு பெரிதும் மாறிவிட்டது. அகமதாபாத்தில் உள்ள குஜராத் அறிவியல் நகரத்தின் நீர்வாழ் உயிரினக் காட்சிக்கூடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2021ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி காணொலி வாயிலாகத் திறந்து வைத்தார். சுறாக்கள் உலவும் முதன்மைத் தொட்டியும், 28 மீட்டர் நீளமுள்ள சுரங்க நடைபாதையும் இதன் சிறப்புகள். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019இல் தொடங்கப்பட்ட விஜிபி மரைன் கிங்டமிலும் இத்தகைய சுரங்கப்பாதை உள்ளது.

இந்த மாற்றம் கைக்குழந்தையுடன் செல்வோருக்கு முக்கியமானது. மீன்கள் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் நீந்துவதால், சுரங்கப்பாதையில்தான் மக்கள் நின்று படம் எடுப்பார்கள். கூட்டம் தேங்குவதும், பேச்சொலி எதிரொலித்துப் பெருகுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

குழந்தைக்கு என்ன தெரியும்?

பிறந்த குழந்தையால் ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவற்றையே ஓரளவு தெளிவாகக் காண இயலும். அது, தாயின் மடியிலிருந்து அவர் முகம் வரை உள்ள தொலைவு. 2 முதல் 3 மாதங்களில் அசையும் பொருளைக் கண்களால் பின்தொடரத் தொடங்குகிறது. 4 முதல் 5 மாதங்களில் நிறங்களைப் பிரித்தறியும் திறன் நன்கு வளர்கிறது. எது அருகில், எது தொலைவில் என்ற உணர்வும் அக்காலத்தில்தான் உருவாகிறது.

எனவே 2 மாதக் குழந்தைக்குப் பெரிய தொட்டியின் மறுகோடியில் நீந்தும் சுறா, மங்கலான ஒரு நிழல் மட்டுமே. அதே குழந்தை, கண்ணாடிக்கு அருகே வரும் கோமாளி மீனின் ஆரஞ்சு உடலையும் வெள்ளைப் பட்டைகளையும் கவனிக்கக்கூடும். பளிச்சென்ற நிற வேறுபாடும் மெதுவான அசைவும் சிறு குழந்தைகளின் பார்வையை எளிதில் ஈர்ப்பவை. ஆகவே பிரம்மாண்டமான தொட்டியைவிடச் சிறிய தொட்டியின் முன் சற்று நேரம் நிற்பது பயனுள்ளது.

9 மாத அளவில் மற்றொரு திறன் தென்படத் தொடங்குகிறது. பெரியவர்கள் சுட்டிக்காட்டும் திசையில் குழந்தை திரும்பிப் பார்க்கும். பிறகு காட்டியவரின் முகத்தையும் பார்க்கும். மொழி கற்றலுக்கு இது அடித்தளமாகும். "அதோ பார், மீன்" என்று பாட்டி சொல்லும்போது குழந்தை மீனை மட்டும் பார்ப்பதில்லை, பாட்டியின் வாயசைவையும் கவனிக்கிறது. மீனைக் காட்டும் முகம் அருகில் இருப்பதுதான் இந்த வயதில் காட்சியகம் தரும் பெரும் பயன்.

தடுப்பூசி அட்டை ஏன் முக்கியம்?

நாட்டின் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தின்படி, பிறந்தவுடன் வழங்கப்படும் தடுப்பூசிகளைத் தொடர்ந்து 6, 10, 14 ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் உள்ளிட்ட தடுப்பு மருந்துகள் அளிக்கப்படுகின்றன. தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் நிறைவடைந்த பின்னரே செலுத்தப்படுகிறது. இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களுக்குள் வழங்கப்படுகிறது.

தட்டம்மை காற்றின் மூலம் மிக எளிதில் பரவும் நோய். பாதிக்கப்பட்டவர் அறையை விட்டுச் சென்ற பிறகும் 2 மணி நேரம் வரை அதன் கிருமி காற்றில் நிலைத்திருக்கக்கூடும். சன்னல்கள் இல்லாத, குளிரூட்டப்பட்ட, நெரிசல் மிகுந்த கூடத்தில் முதல் தவணை பெறாத குழந்தைக்கு உள்ள ஆபத்து இதுவே. அப்பகுதியில் தட்டம்மைப் பரவல் இருக்குமானால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள், இதயம் அல்லது நுரையீரல் கோளாறு உள்ள குழந்தைகள் ஆகியோரை அழைத்துச் செல்லும் முன் குழந்தைகள் நல மருத்துவரின் ஆலோசனை அவசியம்.

மற்ற குழந்தைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர், வார நாளின் முற்பகலைத் தேர்ந்தெடுக்கலாம். ஞாயிறு மாலையோடு ஒப்பிடுகையில் கூட்டம் குறைவாக இருக்கும். உடன் வருவோரில் யாருக்கேனும் காய்ச்சல், இருமல் இருந்தால் அந்நாளைத் தவிர்த்துவிட வேண்டும்.

பாலும் உணவும்

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. உள்ளே செல்வதற்கு முன்பே பாலூட்டும் அறை எங்குள்ளது என்று நுழைவாயிலில் கேட்டறிவது நல்லது. அறை இல்லாத இடத்தில் பாலூட்டுவதில் தாய் தயங்க வேண்டியதில்லை. பொது இடங்களில் தாய்ப்பால் ஊட்டுவதை இழிவாகக் கருதக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பொதுக் கட்டடங்களில் பாலூட்டும் வசதி ஏற்படுத்துவது குறித்தும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை சாதாரண அறை வெப்பநிலையில் 4 மணி நேரம் வரையே வைத்திருக்கலாம். கடும் வெயிலில் பயணம் செய்வோர் பனிக்கட்டிப் பைகளுடன் எடுத்துச் செல்ல வேண்டும். கரைத்த பால் மாவை 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். குழந்தை குடித்து மீதமானதைக் கொட்டிவிட வேண்டும்.

அகமதாபாத் போன்ற நகரங்களில் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கிறது. உறங்கும் குழந்தையை எழுப்ப மனமின்றி நிறுத்திய காரில் விட்டுச் செல்லக் கூடாது. மூடிய காருக்குள் 10 நிமிடங்களிலேயே வெப்பநிலை சுமார் 10 டிகிரி உயரக்கூடும். வெளியே வெப்பமும் உள்ளே குளிரும் இருப்பதால், ஒரே தடித்த உடைக்குப் பதிலாக எளிதில் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு மெல்லிய பருத்தி உடைகள் வசதியானவை.

உள்ளே கவனிக்க வேண்டியவை

- இருண்ட கூடங்களில் தரை மட்டம் மாறுவது கண்ணில் படாது. சேலை முந்தானை, துப்பட்டா ஆகியவை காலில் சிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

- குழந்தையைத் துணியிலோ பையிலோ மார்போடு அணைத்துச் சுமப்பவர்கள், அதன் மூக்கும் வாயும் மூடப்படாமலும், தாடை மார்பில் அழுந்தாமலும் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

- குழந்தை வண்டியை நகரும் படிக்கட்டில் ஏற்றக் கூடாது. மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டும்.

- படம் எடுப்பதற்காகத் தொட்டியின் விளிம்பிலோ கைப்பிடிக் கம்பியிலோ குழந்தையை உட்கார வைப்பது ஆபத்தானது.

- சில காட்சியகங்களில் மீன்களைத் தொட்டுப் பார்க்கும் திறந்த தொட்டிகள் உள்ளன. கையை வாயில் வைக்கும் பருவத்தில் உள்ள குழந்தைகளுக்கு இவை ஏற்றவை அல்ல. தொட்டி நீரில் தோல், குடல் நோய்களை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் இருக்கக்கூடும். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை. அண்ணனோ அக்காளோ நீரில் கைவிட்டிருந்தால், சோப்பிட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

- கண்ணாடியைத் தட்டி மீனைக் குழந்தையின் பக்கம் திருப்ப முயல்வது மீன்களை அச்சுறுத்தும். காற்றைவிட நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் செல்கிறது. கேமரா பிளாஷ் ஒளியையும் தவிர்க்க வேண்டும்.

எப்போது திரும்ப வேண்டும்?

காட்சிகளை ரசிக்கும் குழந்தை சற்று நேரத்தில் களைத்துவிடும். அழுகை அதன் கடைசி அறிகுறி மட்டுமே. முகத்தைத் திருப்பிக்கொள்வது, கொட்டாவி விடுவது, கைகளை இறுக மூடுவது, முதுகை வளைத்து நெளிவது ஆகியவை முன்னதாகவே தோன்றும். அப்போது ஒருவர் குழந்தையுடன் அமைதியான இடத்துக்குச் சென்றுவிட, மற்றவர்கள் காட்சியைத் தொடரலாம். பிறகு ஆள் மாற வேண்டும். இல்லையெனில், முழுக் கட்டணம் செலுத்திய தாய் ஒரு தொட்டியையும் நிம்மதியாகப் பார்க்காமல் திரும்ப நேரிடும்.

நீண்ட வரிசையில் காத்திருக்கும்போது குழந்தையை அமைதிப்படுத்தக் கைப்பேசியில் காணொலி காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரைகளைக் காட்டக் கூடாது என்பது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. உறவினருடன் எப்போதாவது பேசும் காணொலி அழைப்புக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு.

முதல் பயணத்தில் பாதித் தொட்டிகளைக்கூடப் பார்க்க முடியாமல் போகலாம். தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணையும் முடிந்த ஒன்றரை முதல் இரண்டு வயதில் மீண்டும் அழைத்துச் சென்றால், அதே குழந்தை தானே விரல் நீட்டி "மீன்" என்று மற்றவர்களுக்குக் காட்டும்.