நரம்பின் உறைக்குள் ஒளிந்த கிருமி

புக்கிட் செந்தோசா, கோல சிலாங்கூர் வட்டாரங்களிலிருந்து பூச்செடி வாங்க சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போய் வருபவர்கள் அநேகர். அங்கே செடி வளர்த்து விற்கத் தொடங்கியவர்கள், தொழுநோய் குணமாகியும் வீடு திரும்ப முடியாமல் போனவர்கள் என்பது சிலருக்குத் தெரிந்திருக்கலாம். உலகெங்கும் அந்நோய்க்கான சிகிச்சையையே மாற்றிய ஆய்வு ஒன்று அதே மண்ணில் நடந்தது என்பது மிகச் சிலருக்கே தெரியும்.

சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு 1930-ல் திறக்கப்பட்டது. சீனர், மலாய்க்காரர், தோட்டத் தமிழர் என எல்லா இனத்தவரும் சட்டத்தின் பெயரால் அங்கே கொண்டு வரப்பட்டனர். அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். நம்மவர்கள் இதைப் பெருநோய் என்றார்கள். முற்பிறவிப் பாவம் என்றார்கள். இது கிருமியால் வரும் நோய் என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873-லேயே கண்டுபிடித்திருந்தும், பாவம் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை.

பலரும் நினைப்பதுபோல் இது வெறும் தோல் வியாதி அல்ல, நரம்பு வியாதி. மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல, கை கால்களுக்குப் போகும் நரம்பிழைகளைச் சுற்றி சுவான் செல்கள் என்னும் காவல் செல்கள் இருக்கின்றன. அவற்றை விவரித்த ஜெர்மானியர் தியோடோர் சுவானின் பெயரே அவற்றுக்கு வைக்கப்பட்டது. தொழுநோய்க் கிருமி இந்தச் செல்களுக்குள் புகுந்து குடியிருக்கிறது. உறை கெட்டதும் நரம்பு செயலிழக்கிறது. அப்புறம் பால்வெட்டுக் கத்தி விரலைக் கீறினாலும், சுடுசட்டி கையைப் பொசுக்கினாலும் வலி தெரியாது. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களும் அவற்றில் சேரும் சீழுமே விரல்களைத் தின்கின்றன என்று வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

போருக்குப் பிறகு டாப்சோன் மாத்திரை வந்தது. இனிக் கவலையில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். ஆனால் சுங்கை பூலோவில் பல ஆண்டுகள் மருந்து உண்ட சிலருக்கு நோய் மறுபடியும் தலைதூக்கியது. ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை என்று நோயாளியின் மேல் பழி போடுவது எளிது. டாக்டர் பெட்டிட், டாக்டர் ரீஸ் இருவரும் அப்படிச் செய்யவில்லை. இந்தக் கிருமி சோதனைக் குழாயில் வளராது. ஆனால் எலியின் பாதத்தில் வளரும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஷெப்பர்ட் 1960-ல் காட்டியிருந்தார். அந்த வழியில், நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை எலிகளில் வளர்த்து டாப்சோன் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி சாகவில்லை. மருந்தை எதிர்க்கும் தொழுநோய்க் கிருமி உண்டு என்பது 1964-ல் இப்படித்தான் நிரூபணமானது. குற்றம் நோயாளியுடையது அல்ல!

1970-ல் வெளியான ரிபாம்பிசின் மருந்துச் சோதனையிலும் சுங்கை பூலோ நோயாளிகளே பங்கேற்றனர். கிருமிகள் சில நாட்களிலேயே செயலற்றுப் போயின. ஒரே மருந்தை நம்பக்கூடாது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1981-ல் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதம் முதல் ஓராண்டுச் சிகிச்சையில் நோய் குணமாகிறது.

கிருமி எப்படிச் சுவான் செல்லைத் தேடிப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு விடை வர மேலும் காலமாயிற்று. அந்தச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தையே கிருமி கதவாகப் பயன்படுத்துகிறது என்று அனுரா ரம்புக்கனா குழுவினர் 1998-ல் காட்டினர். 2013-ல் எடின்பர்க்கில் அவர்கள் கண்டது இன்னும் விந்தையானது. எலியின் சுவான் செல்லைக் கிருமி தன் வசதிக்கேற்பத் தண்டுச் செல் போன்ற நிலைக்கே மாற்றிவிடுகிறது. நரம்பைப் புதுப்பிக்க இதே வித்தை கைகொடுக்குமா என்று அறிவியலாளர்கள் யோசிக்கிறார்கள்.

கிருமியைக் கொல்ல மருந்து உண்டு. செத்த நரம்பை எழுப்ப மருந்து இன்னும் இல்லை. பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தால், ஸ்டீராய்டு மாத்திரையால் உணர்ச்சி ஓரளவு திரும்ப வாய்ப்புண்டு. வெளிறிய தேமலைப் பஞ்சுத் திரியால் தொட்டு, "தெரிகிறதா?" என்று மருத்துவர் கேட்பது அதற்காகத்தான்.