சேலம் சீமையில் நடிப்பு ஒரு தொழிலாக இருந்த காலம்

நடிக்கப் போகிறேன் என்று ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ ஒரு பிள்ளை வீட்டில் வாய் திறந்தால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ‘அது சோறு போடுமா?’ என்பது ஒன்று. ‘அதற்கெல்லாம் தலையில் எழுதியிருக்க வேண்டும்’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: நடிப்பு அதிர்ஷ்டக்காரர்களுக்கு வாய்ப்பது, கற்றுத் தேர்ந்து பிழைக்கிற தொழிலாகாது என்பது. இந்த வட்டாரத்தின் நூறாண்டு வரலாறு அதை மறுக்கிறது. பிள்ளைகளைச் சேர்த்துச் சோறும் பாடமும் கொடுத்த நாடகக் கம்பெனிகளும், பிறகு மாதச் சம்பளம் கொடுத்த சேலத்து ஸ்டுடியோவும் இருந்தவரை, நடிப்பும் நகைச்சுவையும் முறையாகப் பயின்று செய்யும் வேலைகளாக இருந்தன. அவை மறைந்தபோது திறமை வற்றிவிடவில்லை. கற்கிற இடம்தான் இல்லாமல் போயிற்று.

முதலில் பாய்ஸ் கம்பெனிகளைப் பார்க்க வேண்டும். பெரியவர்களான நடிகர்களிடம் ஒழுங்கு குலைந்திருந்த காலத்தில், சிறுவர்களைக் கொண்டே நாடகம் போடுவது என்ற வழியைப் பிடித்தவர்களில் முதன்மையானவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918-ல் அவருடைய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. பகலில் பாட்டும் வசனமும் ஒத்திகையும், இரவில் கொட்டகையில் நாடகம் என்று கம்பெனி வாழ்க்கை நடந்தது. பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர் வாத்தியார். வேடத்தைப் பொறுத்து ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் (கோமாளி) என்று பிரிவுகள் இருந்தன. சேலமும் ஈரோடும் இத்தகைய கம்பெனிகள் முகாமிட்டு நாடகம் போட்ட ஊர்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் வளர்ந்தார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் தொடங்கிய சொந்தக் கம்பெனியில் என்.எஸ். கிருஷ்ணன் உருவானார். நெசவாளி வீட்டுப் பிள்ளை தறிக்குழியருகே உட்கார்ந்து தொழில் பழகியதைப் போலவே, கம்பெனிப் பிள்ளையும் மேடையருகே இருந்து தொழில் பழகினான்.

நகைச்சுவைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சிரிக்க வைப்பது பிறவிக் குணம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அன்றைய நாடகத்தில் கதாநாயகனுக்குப் பாட்டும் வசனமும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. பபூனோ அன்றைய ஊரையும் கூட்டத்தையும் பார்த்துத் தன் பகுதியைத் தானே கட்ட வேண்டியிருந்தது. ராகம், தாளம், வசன ஓட்டம், எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும் நொடி ஆகிய எல்லாம் கைவந்தவரால்தான் அது முடியும். கோவலன் நாடகத்தில் காளியாக நடித்துப் பெயர் பெற்ற காளி என். ரத்தினம் பின்னாளில் திரையில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். கம்பெனியில் எம்.ஜி.ஆருக்குப் பாடம் சொன்ன வாத்தியாரும் அவர்தான். கதாநாயகனைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு ஒரு நகைச்சுவைக் கலைஞரிடம் இருந்தது என்றால், சிரிப்பு அன்று எவ்வளவு தேர்ச்சி வேண்டிய தொழிலாக மதிக்கப்பட்டது என்பது விளங்கும். தொடக்க காலத் தமிழ்ப் பேசும் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்டபோது, அவற்றுக்குத் தேவையான நடிகர்களைக் கொடுத்தது இந்த நாடக மேடைதான்.

அந்தப் படத்தொழிலைச் சேலத்துக்கே கொண்டுவந்தவர் டி.ஆர். சுந்தரம். இன்றைய நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். ஏற்காடு சாலையில் அவர் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937-ல் ‘சதி அகல்யா’வைத் தந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ அங்கிருந்து வெளிவந்தது. 1940-ல் ‘உத்தம புத்திரன்’, 1950-ல் ‘மந்திரி குமாரி’, 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று அந்த வரிசை நூறு படங்களைத் தாண்டியது. படங்களின் எண்ணிக்கையைவிட அங்கே வேலை நடந்த முறைதான் நமக்கு முக்கியம். எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஒரு வளாகத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் காத்திருந்தது. வாய்ப்புக்காகத் தெருத்தெருவாக அலையாமல் நடிகர் தன் வேலையில் கருத்தூன்ற முடிந்தது. நகைச்சுவைப் பாத்திரங்களில் வளர்ந்த மனோரமாவைக் கதாநாயகியாக்கிய ‘கொஞ்சும் குமரி’ 1963-ல் இங்கிருந்தே வந்தது. அதே ஆண்டு சுந்தரம் காலமானார். படத்தொழில் முழுவதும் சென்னையில் குவிந்துகொண்டிருந்த காலம் அது. பின்னாளில் ஸ்டுடியோவும் ஓய்ந்தது. சேலத்தார் நடிகராக வேண்டுமென்றால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற நிலை வந்தது.

பாய்ஸ் கம்பெனிகளைப் புகழலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வறுமையால் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் அங்கே அடிபட்டார்கள், பள்ளிப் படிப்பை இழந்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், அதுவரை கம்பெனியைத் தாங்கிய பையனின் நிலை ஆட்டம் கண்டது. பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைப் போன்றவர்கள் வேறு கம்பெனிகள் வழியே மேடைக்கு வந்தார்கள். இந்தக் குறைகளை மூடி மறைத்து அந்தக் காலத்தைப் போற்றுவது பிழை. ஆனால் கொடுமை வேறு, பயிற்சி வேறு. இன்றைய சட்டம் 14 வயதுக்குட்பட்ட குழந்தைக் கலைஞரை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. வருமானத்தில் 20 சதவீதத்தையாவது குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளையைக் காப்பாற்றும் வழி இன்று நமக்குத் தெரியும். அவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் வழியைத்தான் கைவிட்டுவிட்டோம்.

கைபேசி இருக்கும்போது கம்பெனி எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. கேமராவும் பார்வையாளர்களும் இன்று எல்லார் கைக்கும் எட்டியிருப்பது உண்மையிலேயே பெரிய விடுதலை. ‘கலக்கப்போவது யாரு’ போன்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி சிவகார்த்திகேயனைத் திரைக்குக் கொண்டுவந்ததும் உண்மை. ஆயினும் மேடை கிடைப்பதும் பயிற்சி கிடைப்பதும் ஒன்றாகிவிடாது. போட்டி, தேர்ந்தவரை அடையாளம் காட்டும். தேராதவருக்கு எங்கே பிசகியது என்று உட்கார வைத்துச் சொல்லித்தராது. 1977-ல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் வந்ததற்குக் காரணம், அங்கே உடலும் குரலும் ஆண்டுக்கணக்கில் பழக்கப்பட்டதுதான். அந்தப் பட்டறை தன் பயிற்சிக்கு ஊற்றாகக் கொண்டது தெருக்கூத்தை. அதே கூத்து சேலம், நாமக்கல் கிராமங்களில் திருவிழா இரவுகளில் இன்றும் ஆடப்படுகிறது. அதன் கோமாளி இன்றும் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறான். ஊற்று நம்மிடமே இருக்க, பயிற்சியைத் தேடி நம் பிள்ளைகள் சென்னைக்குப் போகிறார்கள்.

எல்லாரும் நட்சத்திரமாக முடியுமா என்பது கடைசிக் கேள்வி. முடியாது, அன்றும் முடியவில்லை. கம்பெனிப் பிள்ளைகளில் மிகச் சிலரே புகழ் பெற்றார்கள். மற்றவர்கள் துணை வேடங்களிலும் பின்பாட்டிலும் ஒப்பனையிலும் வாத்தியார் வேலையிலும் பிழைத்தார்கள். ஒரு தொழிலை அதன் உச்சியில் நிற்கும் ஐந்து பேரைக் கொண்டு அளப்பது தவறு. நடுவில் நிற்கும் ஐந்நூறு பேர் கௌரவமாக வாழ முடிகிறதா என்பதே அளவுகோல். சேலம் அரசு இசைப்பள்ளியில் நாதசுரமும் தவிலும் பரதமும் சான்றிதழோடு கற்க முடிகிறது. அதே தரத்தில் நடிப்புக்கும் முழுநேர வகுப்பு வர வேண்டும். கூத்து வாத்தியார்களைச் சம்பளத்தோடு அங்கே ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். ராசிபுரத்துக் கல்லூரிகள் ஆண்டுவிழாவுக்கு மட்டும் நாடகம் தேடாமல் பருவம் முழுதும் ஒரு நாடகக் குழுவை நடத்தலாம். பெற்றோரின் ‘சோறு போடுமா’ என்ற கேள்விக்கு அறிவுரையால் பதில் சொல்ல முடியாது. பாடத்திட்டமும் ஆசிரியரும் சம்பளமும் உள்ள ஓர் இடத்தைக் காட்டித்தான் சொல்ல முடியும். அந்த இடத்தை இந்தச் சீமை ஒருமுறை கட்டிக் காட்டியிருக்கிறது. குறைகளைக் களைந்து மீண்டும் கட்டுவது நம் கடமை.