பற்கூழ்ச் சீரமைப்பில் சமிக்ஞைப் புரதங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காயமுற்ற பற்கூழ் தன்னைத்தானே சீரமைத்துக்கொள்ளும் ஆற்றலுடையது. இவ்வாற்றலைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்கள் கண்டறியப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சீரமைப்புக்கான சமிக்ஞை பல்லிலேயே பொதிந்துள்ளது என்பதும், நோய்த்தொற்று நீங்கிய சூழலிலேயே அது பயன் தரும் என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பற்கூழ், டென்டைன், சமிக்ஞைப் புரதம், வளர்ச்சிக் காரணி, திசுச் சீரமைப்பு.

முன்னுரை

பல்லின் நடுவே நரம்புகளும் குருதிக் குழாய்களும் நிறைந்த மென்திசுவே பற்கூழ். அதனைச் சூழ்ந்துள்ள கடினத்திசு டென்டைன் ஆகும். கூழின் விளிம்பிலுள்ள ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள் டென்டைனை உருவாக்குகின்றன. சொத்தை கூழை எட்டியபின் கூழை அகற்றி வேர்க்குழாயை நிரப்புவதா, அன்றி அதனை உயிருடன் காப்பதா என்பது பல் மருத்துவத்தின் நெடுநாளைய வினா. கூழை இழந்த பல் உணர்வையும் புதிய டென்டைனை உருவாக்கும் திறனையும் இழக்கிறது. எனவே இவ்வினா முதன்மை பெறுகிறது.

மூடுபொருள்களின் காலம்

பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் பல் மருத்துவரான பிலிப் பாஃப், வெளிப்பட்ட கூழைத் தங்கத்தகட்டால் மூடும் முறையை 1756இல் எழுதினார். 1920ஆம் ஆண்டளவில் ஜெர்மானியரான ஹெர்மன் கால்சியம் ஹைட்ராக்சைடை அறிமுகப்படுத்தினார். அதன்கீழ் கடினத்திசுவாலான ஒரு 'பாலம்' உருவாவதும் பின்னர் அறியப்பட்டது. ஆயினும் அப்பாலத்தை உருவாக்குமாறு செல்களைத் தூண்டியது எது என்பது விளங்கவில்லை.

1965: இரு ஆய்வுகள்

ஒரே ஆண்டில் வெளிவந்த இரு ஆய்வுகள் இவ்வரலாற்றின் திசையை மாற்றின. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகியோர் எலிகளின் கடைவாய்ப் பற்களில் துளையிட்டுக் கூழை வெளிப்படுத்தினர். இயல்பான எலிகளில் கூழ் அழிந்தது. நுண்ணுயிரற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலோ டென்டைன் பாலம் உருவானது. சீரமைப்பைத் தடுத்தது காயமன்று, நுண்ணுயிரே என்பது தெளிவாயிற்று.

மற்றோர் ஆய்வில், மார்ஷல் யூரிஸ்ட் கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தார்; அங்கே புதிய எலும்பு தோன்றியது. எலும்பில் பொதிந்திருந்த ஏதோ ஒன்று அண்டைச் செல்களை எலும்பு உருவாக்கும் செல்களாக மாற்றியது என்பதே இதன் பொருள். அப்பொருள் பின்னர் 'எலும்பு உருவாக்கப் புரதம்' எனப் பெயர் பெற்றது. அத்தகைய புரதங்களின் மரபணுக்களை வோஸ்னியும் உடன் ஆய்வாளரும் 1988இல் படியாக்கம் செய்தனர்.

கூழில் புரதங்கள்

1990களில் மிசாகோ நகாஷிமா நாய்களின் பற்கூழிலும், ரூதர்ஃபோர்டு குழுவினர் குரங்குகளின் பற்கூழிலும் இப்புரதங்களை இட்டுப் புதிய டென்டைன் உருவாவதைக் காட்டினர். இப்புரதம் செல்லின் புறத்தேயுள்ள ஏற்பியுடன் இணைகிறது; செல்லினுள் 'ஸ்மாட்' எனும் புரதங்கள் அச்செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசென்று மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றுகின்றன. நார்ச்செல் வளர்ச்சிக் காரணி செல் பெருக்கத்தையும், குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணி புதிய குழாய்களையும் தூண்டுகின்றன. சமிக்ஞையை ஏற்கும் செல்கள் குறித்த வினாவுக்கு, பற்கூழில் குருத்தணுக்கள் உள்ளன எனக் குரோந்தோஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு விடையளித்தது.

எல்லையும் மீள்பார்வையும்

அதே ஆண்டில் ஒரு தடையும் வெளிப்பட்டது. அழற்சியுற்ற ஃபெரட் விலங்கின் கூழில் ரூதர்ஃபோர்டு இட்ட புரதம் டென்டைனை உருவாக்கவில்லை. 1965இல் எலிகள் உணர்த்திய பாடத்தையே இது மீண்டும் நினைவூட்டியது எனலாம்.

மறுபுறம், மாற்று வளர்ச்சிக் காரணி பீட்டா டென்டைனிலேயே பொதிந்துள்ளது என்பதை பர்மிங்காமைச் சேர்ந்த அந்தோணி ஸ்மித் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டின. கால்சியம் ஹைட்ராக்சைடு இத்தகைய புரதங்களை டென்டைனிலிருந்து கரைத்து வெளிக்கொணர்கிறது என்பதை அவர்தம் குழு 2006இல் வெளியிட்டது. ஹெர்மனின் மருந்து வெறும் மூடியாக மட்டும் அமையவில்லை. பல்லில் உறைந்திருந்த சமிக்ஞையை விடுவிக்கும் கருவியாகவும் அது செயற்பட்டிருக்கக்கூடும்.

முடிவுரை

மூடுபொருளில் தொடங்கிய தேடல் சமிக்ஞைப் புரதத்தை அடைந்து, மீண்டும் பழைய மூடுபொருளின் செயலை விளக்கியுள்ளது. ஆய்வகத்தில் உருவாக்கிய புரதத்தைப் புறத்திலிருந்து இடுவதினும், தொற்றை நீக்கி, டென்டைனில் உள்ள புரதங்களை விடுவிப்பதே அணுகத்தக்க வழி என இவ்வரலாறு உணர்த்துகிறது. 1965இன் இரு ஆய்வுகளையும் இணைத்துப் படிக்கும்போதே பற்கூழ்ச் சீரமைப்பின் முழுமையான பொருள் விளங்கும்.