சின்னம்மாவின் கேள்வி

அத்திபெலே சின்னம்மாவோடு போனில் பேசினால் கடைசியில் அந்தக் கேள்வி வந்துவிடும். "எங்களுக்கப்புறம் இவனை யாருப்பா பாத்துக்குவா?" தம்பிக்கு 38 வயது, அறிவுசார் குறைபாடு. "அண்ணன் நான் இருக்கேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், சட்டத்தைப் படிக்கும் வரை.

அந்தச் சட்டத்தின் கதை விநோதமானது. 1912-இல் வெள்ளைக்காரன் போட்ட லூனசி சட்டம், இவர்களையும் மனநோயாளிகளையும் 'பைத்தியம்' என்ற ஒரே மூட்டையில் கட்டியது. அவமானம்தான். ஆனால் அதை வைத்து கோர்ட்டில் கார்டியன் வாங்க முடிந்தது. 1987-இல் வந்த மனநலச் சட்டம் 'மனவளர்ச்சிக் குறைபாடு மனநோய் அல்ல' என்று சரியாகப் பிரித்தது. 1993-இல் அது அமலுக்கு வர, பழைய சட்டம் ஒழிந்தது. கூடவே, 18 வயது தாண்டியவருக்குக் கார்டியன் கேட்கும் நேர்வழியும் போயிற்று. மரியாதை கிடைத்தது, கையெழுத்துப் போட ஆளில்லை!

சட்டம் இப்படித் தடுமாறிய காலத்தில் மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் 1970-லேயே ஆஷா நிகேதன் தொடங்கியது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில், ஒரே சமையலில் வாழும் இடம். ஊர் ஊராக இருந்த பெற்றோர் சங்கங்கள் 1995-இல் 'பரிவார்' என்ற தேசியக் கூட்டமைப்பானார்கள். 1999 டிசம்பரில் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல குறைபாடுகள் சேர்ந்தவர்கள் என நான்கு பிரிவினருக்கானது.

இதில் எனக்குப் பிடித்தது, கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்பது. மாவட்டத்துக்கு ஒரு கமிட்டி: கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். அத்திபெலேக்கு பெங்களூர் நகர மாவட்டக் கமிட்டி. செக்போஸ்ட் தாண்டி ஓசூர் என்றால் கிருஷ்ணகிரி. பெற்றோர் விண்ணப்பிக்கலாம், உறவினரும் விண்ணப்பிக்கலாம். யாருமே இல்லாவிட்டால் பதிவு பெற்ற நிறுவனமே கார்டியன் ஆகலாம்.

எல்லாம் சரி. விதிமுறையில் கார்டியனுக்கான தகுதிகளில் முதல் வரி: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.

நான் இங்கே பாஸ்போர்ட் மாற்றி வெகுநாளாகிறது. ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. நம்மில் எத்தனை அண்ணன்கள், அக்காக்கள் இது தெரியாமல் ஊரில் வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறோமோ!

சின்னம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பணம் அனுப்பலாம் இல்ல?" என்றார். அதற்குத் தடையில்லை.

ஓசூரில் இருக்கும் என் தங்கையிடம் கேட்டிருக்கிறேன். "அவர்கிட்ட பேசிட்டு சொல்றேண்ணா" என்றாள்.